பதிமூன்று வளையல்

சென்னை,
29-10-1979

திருமதி கமலவேணி அவர்களுக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை பம்பாயிலிருந்து சென்னை வந்த விமானத்தில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏர் ஹோஸ்டஸ் எழுதுகிறேன். பெயர் ழனெத். நானும் உங்கள் ஊர்தான், உப்பளம் பக்கம் வீடு. “முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னாடி, மில்லு கண்ணையன் வீடுன்னா நாய்கூட காட்டும்” என்று நீங்கள் சொன்னதை நம்பி விலாசம் எழுதியிருக்கிறேன். தபால்காரருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். இறங்கியதும் ஆளுக்கொரு காப்பி கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நான் சொல்கிறேன். சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டால் பைலட் முன்னால் மூன்று பச்சை விளக்கு எரிய வேண்டும். அன்று இரண்டுதான் எரிந்தது. இடது பக்கத்துச் சக்கரத்துக்கு விளக்கு வரவில்லை. துணை பைலட் தரையில் ஒரு மூடியைத் திறந்து, கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். அப்புறம் உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து விரிப்பைத் தூக்கிவிட்டு மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாரே, அது ஏதோ வேண்டுதல் இல்லை. அங்கே தரையில் உள்ளங்கையளவு கண்ணாடி உண்டு. சக்கரத்தின் பூட்டில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். கோடுகள் நேராக நின்றால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அன்று மழையும் சேறும் அடித்துக் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் தாழப் பறந்தோம், அங்கிருந்து பைனாகுலரில் பார்த்தவர்கள் “சக்கரம் வெளியேதான் இருக்கிறது, பூட்டியிருக்கிறதா என்று தெரியவில்லை” என்றார்கள். அதனால்தான் பெட்ரோல் தீரட்டும் என்று ஐம்பது நிமிடம் கடல்மேல் சுற்றினோம்.

மறுநாள் இஞ்சினியர்கள் கழற்றிப் பார்த்தார்கள். சக்கரம் முதலிலிருந்தே ஒழுங்காகப் பூட்டித்தான் இருந்திருக்கிறது. விளக்குக்குப் போகும் சின்ன சுவிட்சில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். ஆபத்தே இல்லை, விளக்குதான் எரியவில்லை. சந்தோஷமான செய்தி என்பதால் எழுதுகிறேன்.

இன்னொன்று. கூரானதோ உடைகிறதோ எதுவும் பயணிகள் உடம்பில் இருக்கக் கூடாது என்று எங்களுக்கு விதி. உங்கள் வளையல்களைக் கழற்ற வேண்டி வந்ததற்கு மன்னிக்க வேண்டும். உடையாமல் வந்த பதிமூன்றும் ஒரு காகிதப் பையில் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எப்படி அனுப்பட்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ழனெத்

*

முத்தியால்பேட்டை,
5-11-1979

ஏர் ஹோஸ்டஸ் அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத மனசு வரவில்லை.

சந்தோஷமான செய்தியா? நல்லாயிருக்கிறது உங்கள் நியாயம்! சக்கரம் நன்றாக இருந்ததாம், விளக்குதான் எரியவில்லையாம். அந்த விளக்குக்காகவா என் கையை மொட்டையாக்கி அனுப்பினீர்கள்? இரண்டு கைக்கும் சேர்த்து இருபத்தொரு வளையல். ஏழாம் மாதம் பம்பாயில் என் மாமியார் தன் கையால் போட்டது. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பதிமூன்றை உருவினீர்கள். கை வீங்கியிருந்ததால் மிச்சம் எட்டு வரவில்லை. துண்டைச் சுற்றி ஸ்பூனால் தட்டி உடைத்தீர்கள். எனக்கு இன்னும் அந்தச் சத்தம் கேட்கிறது.

உங்களுக்கு இதெல்லாம் தெரியுமோ தெரியாதோ, நீங்கள் கோயிலுக்குப் போகிற ஆளா, சர்ச்சுக்குப் போகிற ஆளா என்றுகூட நான் அன்றைக்குக் கேட்கவில்லை. வளைகாப்பு வளையலைப் பிள்ளை பிறக்கிற வரைக்கும் கழற்றக் கூடாது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அந்தச் சத்தம்தான் துணை. பிறந்ததும் அதைப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கோ நர்சுக்கோ கொடுத்துவிட வேண்டும். நடுவில் உருவுவதே தப்பு. உடைப்பது யாருக்குச் செய்கிற காரியம் என்று உங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

நான் வாசலில் இறங்கியதும் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். “இன்னாடி இது கையி? வளையல் எங்கடி? மாப்பிளைக்கு இன்னா ஆச்சு?” என்று தெருவே கூடுகிற மாதிரி அலறினாள். அவர் பம்பாயில் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார் என்று நம்ப வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. இப்போது தினமும் என் வயிற்றுக்கிட்டே உட்கார்ந்து டம்ளரில் ஸ்பூனைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்குச் சத்தம் கேட்கணுமாம்.

அம்மா ஏதும் அறியாமல் என் மாமியாருக்கு எழுதிவிட்டாள். அவர் பேர் சின்னப்பாப்பா, அறுபது வயசு, பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். “எம்புள்ள உசுரோட இருக்கச்ச அவ கையில வளையல உடைச்சிருக்காங்க, அவ இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டாராம். என் வீட்டுக்காரர் அம்மா பிள்ளை. ஆனாலும் ஒரு வழி எழுதியிருக்கிறார். விமானக் கம்பெனி சட்டப்படி உடைத்தது என்றால் தோஷம் இல்லையாம், சட்டத்துக்கு யார் என்ன பண்ண முடியும் என்று அவர் அம்மாவே சொல்கிறாராம். ஆனால் அதை எழுத்தில் காட்ட வேண்டுமாம்.

அதனால் வளையல் எனக்கு வேண்டாம். விதி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கம்பெனி காகிதத்தில், கையெழுத்தும் முத்திரையும் போட்டு அனுப்புங்கள். இதை மட்டும் செய்யுங்கள்.

வ. கமலவேணி

*

சென்னை,
12-11-1979

கமலவேணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உங்கள் கோபம் நியாயம்தான்.

அதிகாரியிடம் கேட்டேன். அவர், “ஏம்மா, அன்னைக்கு எமர்ஜென்சியே நடக்கலையே. சக்கரம் சரியா இருந்தது, யாருக்கும் கீறல்கூட இல்ல. முன்னெச்சரிக்கையா எறங்கினதுன்னு ரிப்போர்ட் போயாச்சு. இப்ப போய் வளையல், வயிறுன்னு எழுதிக் கொடுத்தா பத்திரிகைக்காரன் வருவான்” என்றார். யாருக்கும் கீறல்கூட இல்லை என்றபோது உங்கள் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. இடது கையில் இரண்டு இடத்தில் கண்ணாடி குத்தி ரத்தம் வந்தது, நான்தான் பஞ்சு வைத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மறுபடி கேட்டுப் பார்க்கிறேன். வரும் ஞாயிறு எனக்கு டியூட்டி இல்லை. ஊருக்கு வருகிறேன். உங்கள் அம்மாவிடம் நேரில் சொன்னால் புரிந்துகொள்வார்.

ழனெத்

*

முத்தியால்பேட்டை,
20-11-1979

ஏர் ஹோஸ்டஸ் அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தபோது நான் வெளியூர் போயிருந்ததாக அம்மா சொன்னது பொய். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன். “உடைச்சது போதாதுன்னு பாக்க வேற வந்துட்டியா? போம்மா, போ” என்று அவள் கதவைச் சாத்தியதும் கேட்டது. நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. தாய்வீட்டில் இருக்கிறவள், நாளைக்கு இங்கேயே தங்க வேண்டி வந்தால் இவள் சோற்றைத்தானே தின்ன வேண்டும்.

நீங்கள் படியில் வைத்துவிட்டுப் போன கேக்கை அம்மா மாட்டுக்குப் போட்டாள். வாசனை நன்றாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, கேக்குக்காகவும்தான்.

பம்பாயிலிருந்து மறுபடி கடிதம். பிள்ளை பிறந்தால் தந்தி கொடுக்க வேண்டாம், தபாலே போதும் என்று மாமியார் சொல்லச் சொன்னாராம். என் வீட்டுக்காரர் பேர் வடிவேல், ஒர்க்‌ஷாப்பில் செக்கிங் வேலை செய்கிறவர். ஒரு சாமானை இரண்டு தடவை அளக்காமல் கீழே வைக்க மாட்டார். பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் அம்மா அளந்ததே போதும் அவருக்கு. “காகிதம் வந்துச்சா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். எனக்கு நியாயம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். அந்தக் காகிதம் மட்டும் வேண்டும். ஒரு விதியை எழுதிக் கொடுக்க அத்தனை பெரிய கம்பெனிக்கு என்ன நஷ்டம்? உங்களிடம்தான் விதிப்புத்தகம் இருக்கிறதே, அந்தப் பக்கத்தையாவது கிழித்து அனுப்புங்கள்.

கமலவேணி

*

சென்னை,
3-12-1979

கமலவேணி,

அந்தப் பக்கத்தைக் கிழிக்க முடியாது. அப்படி ஒரு பக்கமே இல்லை.

அவசரகால விதிப்புத்தகம் என் மடியில்தான் இருக்கிறது. சக்கரக் கோளாறு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்று இரண்டு போட்டு எழுதியிருக்கிறது. ஆட்களை இடம் மாற்ற வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் பலசாலிகளை உட்கார வைக்க வேண்டும். குனிந்து தலையைக் கையால் மூடிக்கொள்ளச் சொல்லித்தர வேண்டும், கர்ப்பிணிகளுக்குத் தலையணை கொடுக்க வேண்டும். பயணிகளிடமிருந்து வாங்கி வைக்க வேண்டியவை என்று ஒரு வரி இருக்கிறது: மூக்குக் கண்ணாடி, பேனா, ஊசி, பல்செட், குதிகால் வைத்த செருப்பு. அவ்வளவுதான். இதை எழுதிய வெள்ளைக்காரர் வளையல் போட்ட பெண்ணைக் கண்டிருக்க மாட்டார். வளையல் என்று ஒரு சொல் அதில் இல்லை. உடைகிறது எதுவும் கூடாது என்று நான் எழுதியது நானே சேர்த்துக்கொண்டது.

ஏன் உடைத்தேன் என்று சொல்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்தது ஏழாம் வரிசையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும். எல்லாரையும் குனிய வைத்து, கண்ணாடிகளையும் பல்செட்டுகளையும் தலையணை உறையில் வாங்கிப் போட்டு முடித்துவிட்டேன். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. செய்ய ஒன்றும் இல்லை. பைலட்டுக்குக் கைப்பிடி இருக்கிறது, இழுக்கலாம். கோபுரத்துக்காரருக்கு பைனாகுலர் இருக்கிறது, பார்க்கலாம். எனக்கு என்ன இருக்கிறது? சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். விமானம் முழுக்கப் பேச்சில்லை. அந்த அமைதியில் உங்கள் கை நடுங்கி வளையல் குலுங்கிக்கொண்டே இருந்தது. என்னால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை கமலவேணி. அது நிற்க வேண்டும் என்று இருந்தது. அதற்காகத்தான் விதி என்று சொல்லி உட்கார்ந்தேன். உங்களுக்காக இல்லை, எனக்காக.

இதற்கு மேல் என்னை என்ன திட்டினாலும் சரி.

இத்துடன் நீங்கள் கேட்ட கடிதம் இருக்கிறது. கம்பெனி காகிதம்தான். “அவசர இறக்கத்தின்போது பெண் பயணிகளின் கண்ணாடி வளையல்கள் விதிப்படி அகற்றப்படும்” என்று தமிழிலும் இங்கிலீஷிலும் தட்டச்சு செய்திருக்கிறேன். அதிகாரி சாப்பிடப் போயிருந்தபோது மேசைமேல் முத்திரை கிடந்தது. கையெழுத்து அவருடையது மாதிரி நான் போட்டது. பொய்தான். அந்த விளக்கு சொன்னதைவிட இது பெரிய பொய் இல்லை. பம்பாய்க்கு அனுப்பிவிடுங்கள்.

ழனெத்

*

முத்தியால்பேட்டை,
22-1-1980

ழனெத் அக்காவுக்கு,

இப்படிக் கூப்பிடலாம்தானே?

டிசம்பர் 28-ஆம் தேதி காலையில் பெண் குழந்தை பிறந்தது. நாள் பிந்தவில்லை, கொஞ்சம் முந்திக்கொண்டது. இரண்டேகால் கிலோ. எலிக்குஞ்சாட்டம் இருக்கிறது, ஆனால் அழுதால் மணிக்கூண்டு வரைக்கும் கேட்கும். ஆஸ்பத்திரியில் நர்சம்மா வளையலுக்குக் கையை நீட்டினாள். என்னிடம் என்ன இருக்கிறது? அவளும் “இன்னாம்மா, வெறுங்கையா வந்திருக்க?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீங்கள் அனுப்பிய கம்பெனிக் காகிதத்தைக் கிடைத்த அன்றைக்கே பம்பாய்க்கு அனுப்பினேன். மாமியார் சரி என்று சொல்லிவிட்டாராம். “சட்டம்னா சரிதான், பாவம் புள்ளத்தாச்சி இன்னா பண்ணுவா, டிக்கெட்டு போடுடா” என்றாராம். அதோடு விட்டிருக்கலாம் இல்லையா? என் வீட்டுக்காரர் விடுவாரா? அம்மா நாளைக்கு மனசு மாறிவிடக் கூடாது, கெட்டியாக ஒரு ஆதாரம் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். நல்லதுக்குத்தான் நினைத்தார். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பம்பாயில் உங்கள் கம்பெனி ஆபீசுக்குப் போய், “இந்த ரூல் எந்தப் பக்கத்துல இருக்கு, ஒரு காப்பி கொடுங்க” என்று கேட்டிருக்கிறார். இரண்டாம் தடவை அளந்து பார்த்தாராம்! காகிதத்தை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டு, யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று இவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள்.

எனக்கு நான்கே வரி எழுதியிருக்கிறார். “கடிதம் பொய்யாம். அம்மா இனிமேல் எதையும் நம்ப மாட்டாங்களாம். வளையல உடைச்சதும் இல்லாம ஏமாத்தவும் பாத்தாளேன்னு கத்துறாங்க. நான் என்ன செய்ய?” பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூடக் கேட்கவில்லை.

நான் என்ன செய்ய என்று அவர் கேட்கிறார். நான் யாரைக் கேட்பது? போகட்டும். உங்களுக்கு என்ன ஆச்சு? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. என்னால் உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னை மன்னிக்க வேண்டாம், ஆனால் சொல்லிவிடுங்கள்.

கமலவேணி

*

உப்பளம்,
10-2-1980

கமலவேணிக்கு,

மேலே விலாசத்தைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். வேலை போய்விட்டது. உன் கடிதங்கள் சென்னையில் பூட்டிய அறைக்குப் போய், சுற்றி வந்து நேற்றுத்தான் கிடைத்தன.

மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மங்கின கண்ணாடியைப் பற்றி இல்லை, உன்னைப் பற்றி இல்லை. எல்லாம் முத்திரையைப் பற்றித்தான். எந்தக் கையால் எடுத்தாய், எத்தனை தடவை குத்தினாய் என்றுகூடக் கேட்டார்கள். அந்த ஐம்பது நிமிடத்துக்கு என்னிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை, அரை நிமிடம் முத்திரை குத்தியதற்கு இரண்டு நாள் கேட்டார்கள்.

வடிவேல் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் கையில் இழுத்துப் பார்க்க ஏதாவது ஒரு கைப்பிடி வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு உன் வளையல் கிடைத்த மாதிரி அவருக்கு அந்தக் காகிதம்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். “விதிய மீறினா தண்டனைதான்” என்று சொல்லிவிட்டு என்னோடு பேசாமல் இருக்கிறார். பேசாமலே காலையில் ரொட்டி வாங்கி வந்து என் தட்டில் வைக்கிறார். அம்மா என் சீருடையை மடித்துப் பெட்டியில் போட்டபோது கைப்பையில் அந்தக் காகிதப் பையைப் பார்த்தாள். பதிமூன்றும் அப்படியே இருக்கின்றன, ஏழு பச்சை, ஆறு சிவப்பு. தூக்கிப் போட மனசு வரவில்லை. வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? என்ன செய்யட்டும் சொல்.

இப்போது நமக்கு நடுவில் மூன்று மைல்தான். ஆனாலும் உங்கள் வாசல் வரைக்கும் வந்து நிற்கத் தைரியம் இல்லை. அதனால்தான் தபாலில் வருகிறேன்.

ழனெத்

*

முத்தியால்பேட்டை,
13-2-1980

ழனெத் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்து அழுதேன். அம்மா யார் செத்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் போய் அடுப்பை ஊதினாள். எரிகிற அடுப்பை ஏன் ஊத வேண்டும்? அவளுக்கும் வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

நீங்கள் ஒரு உண்மை சொன்னீர்கள், நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். வளைகாப்பு வளையல், தொடக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் விட்டிருப்பீர்கள். எனக்கு விதியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. நீங்கள் வந்து என் கையைப் பிடித்தீர்கள். விட்டுவிட்டுப் போய்விடுவீர்களோ என்று பயம். எட்டாவது வளையலை உடைத்தபோது இன்னும் எட்டு இருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன். மாமியாரையும் நினைக்கவில்லை, இவரையும் நினைக்கவில்லை. இதை நான் அம்மாவிடம் சொன்னால் கொன்றுவிடுவாள்.

உடைத்து முடித்த பிறகும் நீங்கள் எழுந்து போகவில்லை. உங்களுக்கென்று முன்னால் ஒரு சீட்டும் பெல்ட்டும் இருந்ததாமே, இன்னொரு ஏர் ஹோஸ்டஸ் அம்மா “ழனெத், ழனெத்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாரே. நீங்கள் என் பக்கத்துக் காலி சீட்டில் உட்கார்ந்து, பஞ்சு வைத்த கையைப் பிடித்துக்கொண்டு “ஒண்ணும் ஆவாது, நான் இருக்கேன், ஒண்ணும் ஆவாது” என்று நம் ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். சக்கரம் தரையைத் தொட்டு ஓடி நிற்கிற வரைக்கும் நிறுத்தவில்லை. அது உங்கள் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம்?

இவரிடமிருந்து கடிதம் இல்லை. வருமா என்று தெரியவில்லை. அப்பா மில்லில் பேசி எனக்கு ஏதாவது வேலை கேட்கிறேன் என்கிறார், மில்லே பாதி நாள் ஓடவில்லை. நமக்கு இனிமேல் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு வாய் காப்பி கொடுப்பதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கதவை நானே திறக்கிறேன்.

அந்தப் பதிமூன்றைத் திருப்பிக் கொண்டு வர வேண்டாம். நான் எழுதியிருந்தேனே, அந்த வளையல் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று. நர்சம்மா பாவம், கடைசி பத்து நிமிடம்தான் வந்தாள். என் பிள்ளையை இந்தத் தரையில் கொண்டுவந்து சேர்த்தது யார் என்று எனக்குத் தெரியும். அதெல்லாம் உங்களுடையது அக்கா. போட்டுக்கொண்டு வாருங்கள். பிள்ளைக்கு அந்தச் சத்தம் ஏற்கெனவே பழக்கம்.

கமலவேணி